பழைய மவுண்டன் பைக்: உதிரி மாற்றிச் சரிக்கட்டுவதா, புதிதே வாங்கிவிடுவதா?

மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து நிற்கும் 26 அங்குலச் சக்கர மவுண்டன் பைக் சைக்கிளை மறுபடி ஓட்டலாம் என்று முடிவு செய்தவர்கள் பணத்தை விடுவது பெரும்பாலும் இரண்டு வழிகளில்தான். ஒன்று, 2,000 ரூபாய் சர்வீசில் சரியாகிவிடக்கூடிய வண்டியைத் தள்ளிவிட்டு 35,000 ரூபாய்க்குப் புதிது வாங்குவார்கள். இல்லாவிட்டால், 12,000 ரூபாய் வண்டிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக 20,000 ரூபாய் உதிரி வாங்கிப் போட்டு, கடைசியில் புது வண்டியும் வாங்குவார்கள்.

இந்தக் கட்டுரை யாருக்கு என்றால்: 10,000 முதல் 25,000 ரூபாய்க்குள் வாங்கிய, முன்னால் ஸ்பிரிங் போர்க் வைத்த, 21 அல்லது 24 கியர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு. அந்தக் காலத்திலேயே லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய வண்டி என்றால் அதன் கணக்கே வேறு. கீழே சொல்லும் விலைகள் எல்லாம் தோராயம்தான். கடைக்குக் கடை, ஊருக்கு ஊர் கூடும் குறையும்.

வரிசை மாறாமல் செய்யுங்கள். முதல் இரண்டு படிகள் முடியும் வரை ஒரு போல்ட்டுகூட வாங்க வேண்டாம்.

1. கழுவுங்கள், பிரேமைத் தடவிப் பாருங்கள்

சோப்புத் தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் நிறுத்துங்கள். பிரேம் சரியில்லை என்றால் மற்ற எதையும் பார்க்கத் தேவையில்லை. விரிசல் வரும் இடங்கள் இவை: முன் குழாயும் (போர்க்கின் தண்டு நுழையும் குழாய்) கீழ்க்குழாயும் சேரும் வெல்டிங்குக்கு அடிப்பக்கம், சீட் கிளாம்ப்புக்குக் கொஞ்சம் கீழே, பெடல் அச்சுக்குப் பின்னால் செயின் பக்கக் குழாய், பின் சக்கரம் மாட்டும் காதுகள். பெயின்ட் மட்டும் வெடித்திருக்கிறதா, உலோகமே பிளந்திருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் அந்த இடத்துப் பெயின்டை நகத்தளவு சுரண்டிப் பாருங்கள். கோடு உலோகத்திலும் தொடர்ந்தால் விரிசல்.

இரும்பு பிரேம் என்றால் தெரிந்த ஆள் கையில் வெல்டிங் வைத்து ஓட்டலாம். அலுமினியம் என்றால் விட்டுவிடுங்கள். பிரேமில் பயன்படும் 6061 வகை அலுமினியத்தை வெல்டிங் வைத்தபின் சூட்டுப் பதம் கொடுத்தால்தான் பழைய பலம் திரும்பும். பட்டறையில் ஆர்கான் வெல்டிங் வைத்துத் தருவார்கள், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் ஒட்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி பிளக்கும். அதுவும் இறக்கத்தில் பிளந்தால் பற்கள் மிஞ்சாது.

அடுத்தது சீட் குழாய். கிளாம்ப்பைத் தளர்த்தி சீட்டைத் திருகிப் பாருங்கள். கடற்கரை ஊர்களில் ஏழெட்டு வருடம் அசையாமல் இருந்த சீட் போஸ்ட் உள்ளேயே இறுகிப்போவது சகஜம். ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு நாள் வைத்துப் பார்க்கலாம். அதற்கும் அசையவில்லை என்றால், சீட் இப்போது இருக்கும் உயரம் உங்களுக்குப் பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி.

அளவையும் இப்போதே பாருங்கள். இரண்டு காலையும் தரையில் ஊன்றி மேல்குழாய்க்கு மேல் நின்றால் இடையில் இரண்டு மூன்று விரற்கடையாவது இடைவெளி வேண்டும். சீட்டில் உட்கார்ந்து பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்க வேண்டும். அதற்காக சீட் போஸ்ட்டை அதில் போட்டிருக்கும் எல்லைக் கோட்டைத் தாண்டித் தூக்க வேண்டியிருந்தால் பிரேம் உங்களுக்குச் சின்னது. பத்தாம் வகுப்பில் வாங்கிய வண்டிகள் பெரும்பாலும் இங்கேயே தோற்றுவிடும். சின்ன பிரேமை எந்த உதிரியும் பெரிதாக்காது.

2. ஆறு விஷயங்களைத் தாளில் எழுதுங்கள்

கடைக்காரர் கேட்கப்போவதும், இணையத்தில் தப்பான உதிரி வாங்காமல் தடுப்பதும் இந்தத் தாள்தான்.

சக்கர அளவு: டயரின் பக்கத்தில் 26 x 1.95 மாதிரி ஒரு எண்ணும், 559 என்று முடியும் இன்னொரு எண்ணும் இருக்கும். 559 என்றால் 26 அங்குலம், 584 என்றால் 27.5, 622 என்றால் 29. மூன்று இலக்க எண்ணை நம்புங்கள். அதுதான் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம், மில்லிமீட்டரில்.

முன் குழாய்: மேலும் கீழும் ஒரே பருமனா, கீழே அகலமா? பழைய வண்டிகளில் போர்க்கின் தண்டு மேலிருந்து கீழ்வரை ஒரே பருமன், 28.6 மி.மீ. இப்போது வரும் நல்ல போர்க்குகளில் அடிப்பக்கம் ஒன்றரை அங்குலத்துக்கு விரியும். முன் குழாயின் உள்விட்டம் 44 மி.மீ. இருந்தால் கீழே வெளிக் கிண்ணம் வைத்து விரிந்த தண்டை மாட்டலாம். 34 மி.மீ. என்றால் வழியே இல்லை.

பின் அச்சு: காதுகளின் உள்பக்கத்துக்கு இடையே அளந்தால் 135 மி.மீ. வரும், அச்சைக் காதில் செருகி நட்டாலோ, கையால் மடக்கும் குவிக் ரிலீஸ் நெம்பாலோ இறுக்கியிருப்பார்கள். இப்போதைய வண்டிகளில் துளைக்குள் நுழைந்து மறுபக்கம் மரையில் இறுகும் 12 மி.மீ. அச்சு, 142 அல்லது 148 மி.மீ. அகலம். ஒன்றின் சக்கரம் இன்னொன்றில் உட்காராது.

பின் பல்சக்கரம் மரையில் ஏறுகிற பிரீவீலா, ஹப்பில் (சக்கரத்தின் நடு உருளையில்) செருகுகிற கேசட்டா: முடிவையே மாற்றக்கூடிய கேள்வி இது, பலர் பார்க்காமல் விடுவதும் இதுதான். சக்கரத்தைக் கழற்றி, பற்களைக் கையால் பின்னோக்கிச் சுற்றுங்கள். நடுவில் டூல் மாட்டும் வரிப்பள்ளம் பற்களோடு சேர்ந்து சுற்றினால் கேசட். பற்கள் சுற்ற, அது அப்படியே நின்றால் பிரீவீல். 21 கியர் வண்டிகளில் பெரும்பாலும் பிரீவீல்தான், சின்னப் பல்லில் 14 பற்கள் இருக்கும். பிரீவீல் ஹப்பில் வலப்பக்கப் பேரிங் உள்ளே தள்ளி இருக்கும். அதற்கு வெளியே அச்சு ஆதரவில்லாமல் நீண்டிருப்பதால் 80 கிலோவுக்கு மேல் இருப்பவர்கள் கரடுமுரடான பாதையில் ஓட்டினால் அச்சு வளையும், சில சமயம் ஒடியும். அச்சு மாற்றியும் மறுபடி வளைகிறது என்றால் காரணம் இதுதான். மெக்கானிக்கைத் திட்டிப் பயனில்லை.

டிஸ்க் பிரேக் மாட்ட இடம்: பிரேமிலும் போர்க்கிலும் இடப்பக்கம் இரண்டு துளைகள் இருக்கின்றனவா? துளைகளுக்கு இடையே 51 மி.மீ. இருந்து மரை இல்லையென்றால் ஒரு வகை, 74 மி.மீ. இருந்து மரையோடு இருந்தால் இன்னொரு வகை. இரண்டுக்கும் அடாப்டர் கிடைக்கும். ஹப்பிலும் ஆறு போல்ட் துளை வேண்டும். பிரேமில் இடம் இருந்து ஹப்பில் இல்லையென்றால் சக்கரமே மாற வேண்டும்.

கியர் லீவரும் பிரேக் லீவரும் ஒரே துண்டா: விலை குறைந்த வண்டிகளில் இரண்டும் ஒட்டிப் பிறந்தவை. ஹைட்ராலிக் பிரேக் (வயருக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தில் பிடிப்பது) போட ஆசைப்பட்டால் பழைய லீவரோடு கியர் லீவரும் போகும். அதற்கும் சேர்த்துக் காசு எடுத்து வையுங்கள்.

சீட் போஸ்ட்டின் அடியில் பொறித்திருக்கும் விட்டத்தையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள், எப்படியும் ஒரு நாள் தேவைப்படும்.

3. தேய்ந்ததை அளவெடுங்கள்

செயின்: அங்குல அளவுள்ள இரும்பு டேப்பை ஒரு பின்னின் நடுவில் வைத்து 24 பின் தள்ளிப் பாருங்கள். புதுச் செயினில் சரியாக 12 அங்குலம் வரும். 12 அங்குலத்துக்கு மேல் ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் இப்போதே செயினை மாற்றுங்கள், பல்சக்கரம் தப்பும். ஒரு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு கூடிவிட்டால் செயினும் பின் பற்களும் சேர்ந்தே மாற வேண்டும். தேய்ந்த பல்லில் புதுச் செயின் போட்டால் மேட்டில் எழுந்து மிதிக்கும்போது பல் தாண்டும். முழங்கால் ஹேண்டில்பாரில் போய் இடிக்கும்.

பெடல் அச்சு: கிராங்கை (பெடல் மாட்டியிருக்கும் கையை) பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போயிற்று. இதே விதமாக முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளி ஹெட்செட் (முன் குழாயில் இருக்கும் ஹேண்டில் பேரிங்) ஆட்டத்தையும், சக்கரத்தை விளிம்பில் பிடித்து அசைத்து ஹப் ஆட்டத்தையும் பாருங்கள்.

ரிம்: வி-பிரேக் வண்டி என்றால் ரிம்மின் பக்கச் சுவரில் பிரேக் ஷூ உரசும் இடம் குழிந்திருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். நன்றாகக் குழிந்த ரிம் காற்றழுத்தத்தில் பிளக்கும்.

போர்க்: முன் பிரேக்கைப் பிடித்து அழுத்துங்கள். இறங்கி ஏறினால் போதும். இறங்கவே இல்லை என்றால் உள்ளே துரு. போர்க்கின் கால்கள் சீல் இருக்கும் இடத்தில் முன்னும் பின்னும் ஆடினால் புஷ் தேய்ந்திருக்கிறது. இந்த விலைப் போர்க்குகளுக்குப் புஷ் மாற்றுவது கட்டுபடியாகாது.

உதிரி விலைகள் ஏறக்குறைய இப்படி: 7, 8 ஸ்பீடு செயின் 400 முதல் 900 ரூபாய், 7 ஸ்பீடு பிரீவீல் 500 முதல் 900, பெடல் அச்சு கார்ட்ரிட்ஜ் 700 முதல் 1,500, டிஸ்க் பேட் சக்கரத்துக்கு 250 முதல் 600, வயர்கள் எல்லாம் உறையோடு மாற்ற 500 முதல் 1,000, உள்ளூர் 26 அங்குல டயர் ஒன்று 400 முதல் 800. முழுக்கப் பிரித்துக் கிரீஸ் வைத்து, சக்கரக் கோட்டம் எடுத்துத் தர கூலி 1,000 முதல் 2,500. எல்லாமே தேய்ந்து போன வண்டிக்குக்கூட இந்தப் பட்டியல் 10,000 ரூபாய்க்குள் அடங்கும். இதை மேம்பாடு என்று நினைக்காதீர்கள். வாங்கிய நாளில் இருந்த நிலைக்கு வண்டியைக் கொண்டுவருகிற செலவு, அவ்வளவுதான்.

4. உங்கள் குறை எதனால் வருகிறது?

"வண்டி கனமாக இருக்கிறது" என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு டயரில் காற்று குறைவு, இல்லாவிட்டால் தார் ரோட்டுக்குத் தேவையில்லாத முரட்டுக் கட்டை டயர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலையில் 30 கிலோமீட்டர் போவதுதான் உங்கள் ஓட்டம் என்றால் 1.5 அல்லது 1.75 அகலத்தில் வழவழப்பான டயர் இரண்டு போடுங்கள். வேறு எந்த உதிரியும் அந்தக் காசுக்கு இவ்வளவு வித்தியாசம் காட்டாது.

"பிரேக் பிடிக்கவில்லை" என்றால் முதலில் வயரும் பேடும். வி-பிரேக்கில் நல்ல ஷூவும் புது வயரும் போட்டால் காய்ந்த ரோட்டில் டிஸ்க்குக்குப் பெரிதாகச் சளைக்காது. மழையிலும் சேற்றிலும்தான் டிஸ்க் முந்தும்.

"கியர் சரியாக விழவில்லை" என்பது அநேகமாக வளைந்த ஹேங்கர். டிரெயிலர் (செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் பாகம்) மாட்டியிருக்கும் அந்தச் சின்னத் துண்டு, வண்டி வலப்பக்கம் சாய்ந்து விழுந்தாலே வளையும். நிமிர்த்த 200, 300 ரூபாய். மாற்ற இன்னும் சில நூறு. கியர் செட்டையே மாற்றச் சொல்லும் கடையில் ஹேங்கரை அளந்தீர்களா என்று கேளுங்கள். அளக்கும் கருவி இல்லாத கடை என்றால் வேறு கடை பாருங்கள்.

கல்லும் வேருமான பாதையில் இறங்கும்போது முன்னால் கவிழ்கிற பயம், போர்க் தட்டி நிற்பது, சக்கரம் அடிக்கடி கோணுவது என்றால் பிரச்சினை உதிரியில் இல்லை, பிரேமின் அமைப்பில். பழைய பிரேம்களில் முன் குழாயின் சாய்வு 70, 71 பாகை, நீளமான ஸ்டெம் (ஹேண்டில்பாரைத் தண்டோடு இணைக்கும் துண்டு). இப்போதைய வண்டிகளில் 66 முதல் 68 பாகை, முன்பக்கம் நீண்ட பிரேம், குட்டை ஸ்டெம். முன் சக்கரம் உங்களுக்கு முன்னால் தள்ளி நிற்பதால் இறக்கத்தில் வண்டி அடங்கி ஓடும். இதை விலைக்கு வாங்க ஒரே வழி புது வண்டிதான்.

5. எந்த மாற்றம் எதையெல்லாம் கூட இழுக்கும்

ஒன்றைத் தொட்டால் நான்கு கேட்கும் இடங்கள் மூன்று.

முன் பக்கம் ஒற்றைப் பல் கியர்: எல்லோரும் ஆசைப்படுவது இது. முன்னால் மூன்று பல்லையும் எடுத்துவிட்டு ஒரே பல், பின்னால் பெரிய கேசட். கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்னால் 42-34-24, பின்னால் 14-28 இருக்கும் சாதாரண 21 கியர் வண்டியில் மிக லேசான கியர் 24-ஐ 28-ஆல் வகுத்தால் 0.86. முன்னால் 32 பல் ஒன்றை மட்டும் போட்டு, பின்னால் 34 பல் பிரீவீல் மாட்டினால் 0.94. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில் இந்த வித்தியாசம் தொடையில் தெரியும். காசு கொடுத்து மேட்டை இன்னும் செங்குத்தாக்கிக்கொண்ட மாதிரி. 11-42 கேசட் போட்டால்தான் 0.76, உச்ச கியரும் 42-ஐ 14-ஆல் வகுக்கிற 3.0-வுக்குப் பக்கத்தில், 2.91-இல் நிற்கும். ஆனால் 11-42 கேசட், பிரீவீல் ஹப்பில் ஏறாது. ஆகவே பின் சக்கரம் புதிது, 4,500 ரூபாய். லீவர், டிரெயிலர், கேசட் சேர்த்து 8,000. செயின் 1,000. மலிவு கிராங்குகளில் பல்தட்டு ரிவெட் அடித்திருக்கும், கழற்ற முடியாது. அதனால் கிராங்கும் புதிது, 3,000. அதன் அச்சு 1,000. வயரும் கூலியும் 1,500. கூட்டினால் 19,000 ரூபாய்.

இவ்வளவுக்குப் பிறகும் செய்யத்தான் போகிறேன் என்றால் பொருத்தம் பார்த்து வாங்குங்கள். ஷிமானோ நிறுவனத்தின் 6 முதல் 9 ஸ்பீடு வரையிலான மவுண்டன் லீவரும் டிரெயிலரும் தங்களுக்குள் ஒத்துப்போகும், 10 ஸ்பீடு மவுண்டன் வகை அவற்றோடு சேராது. கேசட் ஏறும் சாதாரண எச்.ஜி. ஹப்பில் 8 முதல் 11 ஸ்பீடு மவுண்டன் கேசட் ஏறும். ஷிமானோ 12 ஸ்பீடு 10-51 கேசட்டுக்கு மைக்ரோ ஸ்ப்ளைன் என்ற வேறு ஹப் வேண்டும். மைக்ரோஷிப்ட் நிறுவனத்தின் அட்வென்ட் 9 ஸ்பீடு 11-42 கேசட், எச்.ஜி. ஹப்பிலேயே ஏறும், பழைய வண்டிக்கு இது ஒத்துவரும். ஆனால் அதன் லீவரையும் டிரெயிலரையும் ஜோடியாகவே வாங்குங்கள்.

ஏர் போர்க் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று): 26 அங்குலத்தில், நேர்த்தண்டில், நல்ல ஏர் போர்க் புதிதாகக் கிடைப்பது இன்று அரிது. கிடைத்தாலும் 15,000 ரூபாயைத் தொடும். 80 மி.மீ. பயணத்துக்காக (போர்க் அமுங்கும் தூரம்) செய்த பிரேமில் 100 போட்டால் முன்பக்கம் 20 மி.மீ. உயர்ந்து சாய்வு ஏறத்தாழ ஒரு பாகை குறையும், அது பரவாயில்லை. 120, 140 போட்டால் முதல் படியில் விரிசல் தேடச் சொன்னோமே, அதே முன் வெல்டிங்கில்தான் பாரம் ஏறும். இன்னொன்று: பழைய போர்க்கை இணையத்தில் வாங்கும்போது வெட்டிய தண்டின் நீளம் கேளுங்கள். உங்கள் முன் குழாய்க்கு 10 மி.மீ. குட்டையாக இருந்தால் அது வெறும் இரும்புதான்.

ஹைட்ராலிக் டிஸ்க்: பிரேம், போர்க், ஹப் மூன்றிலும் இடம் இருந்தால் இது செய்யத்தக்க மாற்றம். ஷிமானோ எம்.டி.200 மாதிரி ஆரம்ப நிலை ஜோடி 5,000 முதல் 8,000 ரூபாய். கூடவே கியர் லீவர், ரோட்டர் (டிஸ்க் தட்டு), அடாப்டர் கேட்கும். மூன்றில் எங்கேயாவது இடம் இல்லை என்றால் இந்த ஆசையை விட்டுவிடுங்கள். அடாப்டர் வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பவரிடம் வண்டியை விட்டுவிட்டு வராதீர்கள்.

6. கணக்கை எழுதி ஒரு கோடு போடுங்கள்

தாளில் மூன்று பத்தி. முதலில், வண்டி பழைய நிலைக்கு வர ஆகும் செலவு. அடுத்து, நீங்கள் விரும்பும் மாற்றங்கள், அவை இழுத்துவருகிற உதிரிகளோடு. மூன்றாவது, அந்த வசதிகள் எல்லாம் கடையிலேயே உள்ள புது வண்டியின் விலை. வாய்மொழியாகக் கேட்காமல் இரண்டு கடைகளில் வாட்ஸ்அப்பில் உதிரியும் கூலியும் பிரித்து எழுதி வாங்குங்கள். "மொத்தமா பார்த்துக்கலாம் சார்" என்ற பதிலுக்கு விலை கிடையாது.

முதல் இரண்டு பத்தியின் கூட்டுத்தொகை மூன்றாவதில் பாதியைத் தாண்டினால் புதிது வாங்குங்கள். பாதிக்கு இந்தப் பக்கம் நின்றால் பழையதைச் சரிசெய்யுங்கள். பாதி என்று ஏன்? உதிரிக்குப் போட்ட காசு விற்கும்போது திரும்புவதில்லை. 26 அங்குல வண்டிக்கு 19,000 ரூபாய் கியர் போட்டிருக்கிறேன் என்றாலும் வாங்குபவர் கண்ணுக்கு அது பழைய 26 அங்குல வண்டிதான்.

ஒரு விஷயம்: பழைய விலைப்பட்டியல் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் உதிரிக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பில்லில் 5 என்று இருக்கிறதா பாருங்கள்.

7. பழையதே போதும் என்றால் வாங்கும் வரிசை

நாளை புது வண்டி வாங்கினாலும் கூடவே வருபவற்றை முதலில் வாங்குங்கள்: பெடல், சீட், கிரிப். மவுண்டன் பைக் பெடல்களின் மரை பெரும்பாலும் ஒரே அளவு, 9/16 அங்குலம். இடப்பக்கப் பெடலுக்கு மரை எதிர்த்திசை. இதைத் தெரியாமல் பலம் கொண்டமட்டும் திருகிக் கிராங்கின் மரையை அழித்தவர்கள் ஏராளம். பிறகு டயர், டியூப், வயர், பேட். அப்புறம் செயினும் பல்லும், தேய்ந்திருந்தால் மட்டும். அதற்கு மேல் தேவையென்றால் பிரேக். அங்கே நிறுத்துங்கள். போர்க், சக்கரம், கியர் செட் என்று ஆசை நகர்ந்தால் ஆறாம் படியின் தாளை மறுபடி எடுங்கள்.

உள்ளூர்க் கடையில் இருக்கும் உதிரிக்கு ஒன்றிரண்டு நாள் வேலை. வெளியிலிருந்து வரவழைக்க வேண்டியது ஒன்று இருந்தாலும் வாரக்கணக்கில் வண்டி கடையில் தூங்கும். உதிரி எல்லாம் கைக்கு வந்தபிறகே வண்டியை விடுங்கள். மாற்றிய பழைய உதிரிகளைப் பையில் போட்டுக் கேட்டு வாங்கிவாருங்கள். உண்மையிலேயே மாற்றினார்களா என்பதும் தெரியும்.

8. புதிது என்றால் எதைப் பார்த்து வாங்குவது

கடைக்காரர் கியர் எண்ணிக்கையையும் பெயின்டையும் காட்டுவார். நீங்கள் இரண்டாம் படியின் தாளைக் காட்டுங்கள். நாளைக்கு உதிரி கிடைக்கும் பிரேம் என்பதற்கு அடையாளங்கள்: கீழே விரிந்த முன் குழாய், பின்னால் கேசட் ஹப், மரை வைத்த பெடல் அச்சுக் கூடு, கழற்றி மாற்றக்கூடிய ஹேங்கர், ஹைட்ராலிக் டிஸ்க். முன்னும் பின்னும் துளை அச்சு இருந்தால் இன்னும் நல்லது. பொதுவாக 20,000 ரூபாய்க்குக் கீழே பிரீவீலும் இரும்பு ஸ்பிரிங் போர்க்கும்தான் வரும். அதாவது நீங்கள் விட்டுவிட்டு வந்த அதே வண்டி, புதுப் பெயின்டில். 30,000 முதல் 50,000-க்குள் கேசட்டும் ஹைட்ராலிக்கும் எதிர்பார்க்கலாம், ஏர் போர்க்குக்கு அதற்கும் மேல் போக வேண்டும்.

20,000 ரூபாய்க்குள் முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் வைத்த வண்டியை இலவசமாகத் தந்தாலும் யோசியுங்கள். பின் ஷாக் வெறும் ஸ்பிரிங், இணைப்புப் புஷ்கள் ஒரு மழைக்காலத்தில் ஆடத் தொடங்கும், மிதிக்கிற மிதியில் ஒரு பங்கு ஸ்பிரிங்குக்குப் போகும்.

வெயிட்டிங் என்றால் முன்பணத்துக்கு ரசீது, மாடல், அளவு, நிறம், தரும் தேதி எல்லாம் எழுத்தில் வேண்டும். அளவு எம் இல்லை, எல் இருக்கிறது, ஸ்டெம் மாற்றித் தருகிறேன் என்பார்கள். முதல் படியில் நின்று பார்த்த அந்த இடைவெளி ஸ்டெம் மாற்றினால் வராது.

அட்டைப்பெட்டியில் வீட்டுக்கு வரும் வண்டி முக்கால்வாசி பூட்டியிருக்கும். மீதியை நீங்களே செய்தால் இரண்டைக் கவனியுங்கள். போர்க் திரும்பியிருக்கக் கூடாது: டிஸ்க் காலிபர் (பேட்கள் இருக்கும் பிரேக் பெட்டி) உங்களுக்கு இடப்பக்கம், அச்சு தண்டுக்கு முன்னால் இருக்க வேண்டும். தெருவில் பின்னோக்கிய போர்க்கோடு ஓடும் வண்டிகளை இன்றும் பார்க்கலாம். இரண்டாவது, சக்கரம் மாட்டும் முன் ஹைட்ராலிக் லீவரை அழுத்த வேண்டாம். பேட்கள் ஒட்டிக்கொண்டு ரோட்டர் நுழையாது. பயம் என்றால் 500 முதல் 1,000 ரூபாய்க்குக் கடையில் பூட்டித் தருவார்கள்.

9. தாள்கள்

சைக்கிளுக்குப் பதிவு எண் கிடையாது, ஆகவே அது உங்களுடையது என்று சொல்லும் ஒரே சாட்சி பில்தான். பில்லில் பிரேம் எண்ணை எழுதச் சொல்லுங்கள். அந்த எண் பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும். வண்டியைக் கவிழ்த்து பில்லோடு ஒப்பிட்டு, எண்ணையும் வண்டியின் வலப்பக்கத்தையும் போட்டோ எடுத்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிவிடுங்கள். திருட்டுப் போனால் புகாரில் எழுத இந்த எண் வேண்டும். புகார் கொடுத்தால், அதைப் பெற்றதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

வாரண்டியில் நான்கு வரி படியுங்கள்: பிரேமுக்கு எத்தனை வருடம், போர்க்குக்கு எத்தனை, இணையத்தில் எத்தனை நாளுக்குள் பதிய வேண்டும், முதல் உரிமையாளருக்கு மட்டுமா. பழைய வண்டியில் வாரண்டி மிச்சம் இருந்தால், நிர்ணயித்ததைவிட நீளமான போர்க் போட்ட அன்றே அது போய்விடும் என்று பல நிறுவனங்கள் எழுதியே வைத்திருக்கின்றன. தவணையில் வாங்குபவர்கள் வட்டியில்லாத் தவணையிலும் செயலாக்கக் கட்டணம் உண்டா என்று கேட்டு அதையும் தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய வண்டி வாங்குவது மூன்றாவது வழி. 27.5 அல்லது 29 அங்குல வண்டி, இரண்டு மூன்று வருடம் ஓடியது, புது விலையில் பாதிக்குக் கிடைக்கும்போது மேலே சொன்ன எல்லாக் கணக்கும் மாறிவிடும். அசல் பில் இல்லாவிட்டால் விற்பவரின் அடையாள அட்டை நகலும், பிரேம் எண் எழுதிய கையெழுத்து ரசீதும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். மூன்றாம் படியின் சோதனைகளை அவர் எதிரிலேயே செய்யுங்கள், கோபித்துக்கொள்பவரிடம் வாங்க வேண்டாம்.

10. வாங்கிய பிறகு முதல் மாதம்

புது வண்டியானாலும் முழுக்கப் பிரித்துப் பூட்டிய பழையதானாலும், முதல் 100, 200 கிலோமீட்டருக்குள் வயர் உறைகள் அமர்ந்து கியர் தப்பும், கம்பிகள் தளர்ந்து சக்கரம் லேசாகக் கோணும், கிராங்க் போல்ட் இளகும். முதல் சர்வீஸ் இலவசம் என்றால் அதைத் தவறவிடாதீர்கள். தளர்ந்த கிராங்கை ஓட்டிக்கொண்டே இருந்தால் அதன் சதுர ஓட்டை வட்டமாகிவிடும், பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. புது டிஸ்க் பேட்டை நல்ல வேகத்திலிருந்து மெதுவாகப் பிடித்து நடை வேகத்துக்குக் குறைத்து, முழுதாக நிறுத்தாமல், இருபது முறை செய்தால்தான் பிடிப்பு வரும்.

புதிது வந்துவிட்டால் பழையதை உடனே விற்றுவிடாமல் ஒரு மாதம் வைத்திருங்கள். புது வண்டி சர்வீசுக்குப் போகும் நாளில் அது உதவும். விற்கும்போது நல்ல பெடலையும் சீட்டையும் கழற்றிக்கொண்டு, பையில் வைத்திருக்கும் பழையதைப் பூட்டிக் கொடுங்கள். பிரேமில் விரிசல் உள்ள வண்டியை மட்டும் ஓட்டும் நிலையில் யாருக்கும் விற்காதீர்கள். உதிரியைப் பிரித்து எடுத்துக்கொண்டு பிரேமை எடைக்குப் போடுங்கள்.